ஹாஸ்டல் மேசைக்கு ஒரு பதினொரு லிட்டர் பிசி

2025 ஜூன் 1, ஞாயிறு

சீட் உறுதியாகிவிட்டது. சென்னைக்கு வெளியே, நான்கு வருடம், ஹாஸ்டல். பணம் கட்டப் போன அன்றே அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று கட்டில், மூன்று மேசை, ஒரே ஒரு மின்விசிறி. ஏசி கிடையாது. மேசையின் அகலம் என் கையால் மூன்று சாண், அதாவது சுமார் 69 செ.மீ. 24 அங்குல மானிட்டர் 54 செ.மீ. எடுத்துக்கொள்ளும். மிச்சம் 15 செ.மீ. என் கேமிங் பிசி அதற்குள் நின்றாக வேண்டும்.

கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எதுவும் கூடாது, கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம் என்றார் வார்டன். அங்கே நின்ற சீனியர் அண்ணன் ஒருவர் காதோரமாக, "பதினோரு மணிக்கு லைட் ஆஃப். அதுக்கப்புறம் உன் மெஷின் கத்துச்சுன்னா தலையணை பறந்து வரும்" என்றார்.

ஆக நிபந்தனை மூன்று. மேசையில் அடங்க வேண்டும். ராத்திரி சத்தம் வரக்கூடாது. செமஸ்டர் லீவுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் சிவகாசிக்குத் தூக்கி வர வேண்டும். பட்ஜெட் ஒரு லட்சத்து முப்பதாயிரம், மானிட்டர் தனி.

வேளச்சேரியிலிருந்து அக்கா போனில் கேட்டாள்: "டேய், பேசாம ஒரு கேமிங் லேப்டாப் வாங்கித் தொலைய வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். ஆனால் லேப்டாப்பின் சின்ன ஃபேன்கள் முழு வேகத்தில் சுற்றும்போது அறையே விழித்துக்கொள்ளும். நாளைக்குக் கேம் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டு பத்தவில்லை என்றால் மாற்றவும் முடியாது. வகுப்புக்கு அவளுடைய பழைய லேப்டாப்பைக் கேட்டிருக்கிறேன். தருவாள், நாலு வார்த்தை சொல்லிவிட்டு.

2025 ஜூன் 4, புதன்

நாள் முழுக்க கேபினெட் வேட்டை, அதாவது பிசியின் பாகங்களை அடக்கும் பெட்டி. சின்ன கேபினெட்டுகளை அவற்றின் கொள்ளளவை வைத்து லிட்டர் கணக்கில் பேசுகிறார்கள். பெரியப்பா மகன் வைத்திருப்பது 45 லிட்டருக்குக் குறையாது. 20 லிட்டருக்குக் கீழே போனால் மதர்போர்டு பெரும்பாலும் மினி ஐடிஎக்ஸ் என்கிற சின்ன அளவாக இருக்க வேண்டும். 170க்கு 170 மி.மீ., இரண்டே ரேம் ஸ்லாட், கார்டுக்கு ஒரே ஸ்லாட். பெரிய போர்டைவிட விலை அதிகம். சிறியது என்பதற்காகவே கூடுதல் காசு கேட்கிற உலகம் இது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

கூலர் மாஸ்டர் என்ஆர்200 முதலில் பிடித்திருந்தது. 18 லிட்டர் சொச்சம், உள்ளே கை நுழைய இடம் உண்டு, முதல் தடவை கட்டுகிறவனுக்கு ஏற்றது. ஆனால் அகலம் 185 மி.மீ. மேசை ஒத்துக்கொள்ளாது. ஃபிராக்டல் டெரா 10.4 லிட்டர், முகப்பில் மரப்பலகை வைத்து அழகாக இருக்கிறது. ஆனால் ப்ராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்கலாம் என்று நினைக்கிறேன், தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் 240 மி.மீ. ரேடியேட்டர் இதில் ஏறாது.

லியான் லி ஏ4-எச்2ஓ: 326 நீளம், 140 அகலம், 244 உயரம், எல்லாம் மி.மீ.யில். 11 லிட்டர். நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு, இரண்டையும் இணைக்க ரைசர் கேபிள். மேலே 240 ரேடியேட்டர். 322 மி.மீ. வரை நீளமான கார்டு போகும். 15 செ.மீ.யில் 14 போனால் ஒரு செ.மீ. மிச்சம். இதுதான்.

2025 ஜூன் 8, ஞாயிறு

கார்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி மூன்று நாள் முன்புதான் விற்பனைக்கு வந்தது. 16 ஜிபி மாடல் 160 வாட். என்விடியா பக்கம் ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, அதுவும் 16 ஜிபி, 180 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் 250 வாட், பட்ஜெட்டும் கிழிந்துவிடும்.

விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஏஎம்டிதான் வாங்கியிருப்பேன். ஆனால் பாடத்திட்டத்தில் மெஷின் லேர்னிங் இருக்கிறது, பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளும் பழகுகிறேன். இரண்டுக்கும் என்விடியா கார்டில் மட்டும் வரும் குடா தொழில்நுட்பம் இருந்தால் தலைவலி குறைவு. 5060 டிஐ, இரண்டு ஃபேன் மாடல். 8 ஜிபி மாடல் பக்கமே போகப் போவதில்லை. நான்கு வருடம் ஓட வேண்டிய மெஷின்.

ப்ராசஸர் ரைசன் 5 7600. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். கேமுக்குப் பெயர்போன எக்ஸ்3டி ப்ராசஸர் மேல் ஆசை இருக்கிறது. மதர்போர்டின் இதே ஏஎம்5 சாக்கெட்டில் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

88, 180, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 40. சுமார் 310 வாட்.

2025 ஜூன் 11, புதன்

சாப்பிடும்போது அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவருடையது ஆஃப்செட் அச்சகம், அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்று ஓடுகிறது. மெஷினுக்குள் தண்ணீர் என்றால் பயப்படுகிற ஆள் இல்லை.

"தண்ணி சூட்டை எடுத்துக்கிடும், சரி. எடுத்த சூட்டை எங்க கொண்டுபோய்க் கொட்டும்?"

ரேடியேட்டர் வழியாக வெளியே என்றேன்.

"வெளியன்னா உன் ரூம்தானே? நம்ம சில்லர் பின்னாடி ஒரு பத்து நிமிஷம் நின்னு பாரு, புரியும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறது. 310 வாட் மெஷினை ஓடவிட்டால் அந்த அறையில் கூடுதலாக மூன்று பேர் வந்து உட்கார்ந்த மாதிரி. காற்றால் குளிர்வித்தாலும் தண்ணீரால் குளிர்வித்தாலும் இதில் ஒரு வாட்கூடக் குறையாது. இன்னொன்று, தண்ணீர் எப்பேர்ப்பட்டதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. வெளிநாட்டு விமர்சனங்களில் 21, 22 டிகிரி அறையில் வைத்து அளக்கிறார்கள். எங்கள் அறை மே மாதத்தில் 34ஐத் தொடும். அவர்கள் காட்டும் ஒவ்வொரு எண்ணோடும் ஒரு 12 கூட்டிப் படிக்க வேண்டும்.

2025 ஜூன் 15, ஞாயிறு

அப்படியென்றால் வாட்டர் கூலர் எதற்கு? மூன்று நாளாக மண்டைக்குள் இதுதான் ஓடுகிறது. காசு, எடை, ரிஸ்க் எல்லாமே கூடுகிறதே.

முதல் காரணம் இடம். இந்தக் கேபினெட்டில் ப்ராசஸர் மேலே வைக்கும் கூலருக்கு 55 மி.மீ. உயரம்தான். அதில் அடங்குகிற காற்றுக் கூலர் உண்டு. நாக்டுவாவின் எல்9ஏ 37 மி.மீ.தான். நல்ல சரக்கு. ஆனால் அதில் இருப்பது ஒரு 92 மி.மீ. ஃபேன். சூட்டில் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை போகும். அதே வெப்பத்தைக் குழாய் வழியாகக் கேபினெட்டின் மேல்பக்கம் கொண்டுபோனால், அங்கே இரண்டு 120 மி.மீ. ஃபேன் நிதானமாக 900 சுற்றில் வேலையை முடித்துவிடும். வெப்பத்தை இடம் மாற்றிப் பெரிய ஃபேனிடம் ஒப்படைப்பதற்குத்தான் தண்ணீர். என்னைப் பொறுத்தவரை சின்ன கேபினெட்டில் அதன் முழுப் பயனும் இதுதான். 45 லிட்டர் கேபினெட்டில் இதே ப்ராசஸருக்கு வாட்டர் கூலர் போடுவது வெறும் அலங்காரம்.

இரண்டாவது, தண்ணீர் மெதுவாகச் சூடேறும். உள்ளே கால் லிட்டர் திரவம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 88 வாட் அப்படியே அதில் இறங்கி, ஃபேன் ஒன்றுமே செய்யாவிட்டாலும், ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய 12 விநாடி ஆகும். கேம் லோட் ஆகும்போது ப்ராசஸர் ஐந்து விநாடி எகிறினால் தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மதர்போர்டு பார்ப்பது ப்ராசஸரின் டிகிரியை. அது எகிறியதும் ஃபேனை விரட்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும், கூடிக் குறைகிற சத்தத்தை மறக்காது. அதனால் ஒன்று, தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார் உள்ள கூலர் வாங்க வேண்டும். இல்லையென்றால் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸில் ஃபேன் உடனே ஏறாதபடி தாமதம் வைக்க வேண்டும். சென்சார் உள்ளவை விலை கூட. தாமதம் இலவசம்.

ரேடியேட்டர் மேலே, பம்ப் கீழே ப்ராசஸர் மீது. இந்த அமைப்பில் காற்றுக் குமிழிகள் ரேடியேட்டரின் உச்சியில் போய்த் தங்கும், பம்புக்குள் போகாது. ரேடியேட்டர் 27, ஃபேன் 25, மொத்தம் 52 மி.மீ. கேபினெட் அனுமதிப்பது 55. தடித்த ரேடியேட்டர் உள்ள மாடல்களை அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

2025 ஜூன் 16, திங்கள்

ராத்திரி முழுக்க கஸ்டம் லூப் வீடியோ, அதாவது வாட்டர் கூலரை நாமே பாகம் பாகமாகக் கட்டுவது. கண்ணாடிக் குழாய், தனிப் பம்ப், கார்டுக்கும் சேர்த்துத் தண்ணீர். பார்க்கப் பார்க்க ஆசை. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அரிப்பு வரும் என்பதால் எல்லா உறுப்பையும் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும். பாசி பிடிக்காமல் மருந்து ஊற்ற வேண்டும், அவ்வப்போது வடித்து மாற்ற வேண்டும். அதையெல்லாம் ஹாஸ்டல் பாத்ரூமில் பக்கெட் வைத்துச் செய்வதை நினைத்ததும் ஆசை தெளிந்தது. திரவம் நிரப்பி மூடியே வரும் ஏஐஓ கூலர் போதும். ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்யும். எனக்கு வேண்டியது நான்கு வருடம். ஐந்தாறு வருட வாரன்டி உள்ளவையே கிடைக்கின்றன.

2025 ஜூன் 21, சனி

சத்தம் பற்றி மட்டும் படித்த வாரம்.

ஒரே ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும். அதே வேகத்தில் இன்னொரு ஃபேனைச் சேர்த்தால் 3 டெசிபல்தான். ஆகவே நிறைய ஃபேன், குறைந்த வேகம். ஆனால் 11 லிட்டரில் நிறைய ஃபேனுக்கு இடம் ஏது? மிச்சமிருப்பது ஒரே வழி, வெப்பத்தையே குறைப்பது.

இந்தக் கேபினெட்டில் கார்டு கக்கும் சூட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகத்தான் மேலே போகும். கார்டு எரிந்தால் ப்ராசஸரின் தண்ணீரும் சேர்ந்து சுடும். அதனால் முதலில் கார்டை அடக்க வேண்டும். பவர் லிமிட்டையும், அது போதாவிட்டால் கார்டின் வேகத்தையும் இறக்கி 180 வாட்டை 135 ஆக்கலாம். போவது விநாடிக்குச் சில பிரேம்கள். வோல்டேஜையும் கொஞ்சம் குறைத்து நிதானமாகப் பொருத்தினால் அதுவும் பெரும்பாலும் திரும்பிவிடும். ப்ராசஸரில் ஈக்கோ மோட், 88லிருந்து 61 வாட். கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பிரேம் ரேட்டை மானிட்டரின் 100 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட வேண்டும். மெனு திரையில் கார்டு சும்மா 400 பிரேம் வரைந்து கீச்சிடுவதும் அதோடு நிற்கும். கார்டின் மின்சுருளிலிருந்து வரும் அந்தக் காயில் சத்தத்துக்குத் தண்ணீரிடம் மருந்தே கிடையாது.

310 வாட் இப்போது 236. அறையில் முக்கால் ஆள் குறைந்தாச்சு.

மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன அளவு, 750 வாட். இந்தச் சுமைக்கு இது அதிகம்தான், தெரிந்தேதான் எடுக்கிறேன். நல்ல மாடல்களில் சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது. பம்பை ஒரே வேகத்தில் கட்டிவைக்க வேண்டும், 65 சதவீதம் மாதிரி. "மேல ஃபேன் ஓடுற சத்தத்துல எதுவும் கேக்காதுடா" என்று நண்பன் சொல்கிறான். காற்றுச் சத்தத்தை மின்விசிறி விழுங்கிவிடும், உண்மைதான். பம்பின் மெல்லிய ஊளையை விழுங்காது, அது வேறு சுருதி.

2025 ஜூன் 28, சனி

அக்காவோடு ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும் என்று சனிக்கிழமையே இறங்கினோம். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் ஒயர், சார்ஜர், சிசிடிவி, வியர்வை. மினி ஐடிஎக்ஸ் என்று கேட்டதும் முதல் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு தம்பி இவ்ளோ சின்னது? அதே காசுக்கு ஆர்ஜிபி போட்ட பெரிய கேபினெட் தர்றேன், ஆறு ஃபேன்."

ரயிலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றேன். "பார்சல் போடு தம்பி" என்றார். அக்கா சிரித்துவிட்டாள்.

தெருவின் உள்பக்கம் ஒரு மாடிக்கடையில் விஷயம் தெரிந்த ஆள் கிடைத்தார். போர்டு கையிருப்பில் இருந்தது. கேபினெட் ஆர்டர் போட்டால் வரும். ரைசர் கேபிள் நான்காம் தலைமுறை, கார்டு ஐந்தாம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டு எடுத்தால் பயோஸில் வேகத்தை நான்கில் பூட்டிவிடு, இல்லையென்றால் திரை கறுப்பாகவே நிற்கலாம் என்று அவராகவே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எல்லாவற்றையும் அவரிடம் வாங்கலாம் என்று தோன்றியது. 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில், வாரன்டிக்கு அது வேண்டும். ஆன்லைனைவிடச் சில நூறு கூட. பரவாயில்லை.

2025 ஜூலை 2, புதன்

கரன்ட் கணக்கு. மேசைப் பக்கத்து சாக்கெட் 230 வோல்ட், 5 ஆம்ப் என்றால் 1,150 வாட். மெஷினும் மானிட்டரும் சேர்ந்து 300க்குள். பிளக்குக்குக் கவலை இல்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸோடு 16 ஆம்ப் தடித்த பிளக் வந்தால் அந்தச் சாக்கெட்டில் ஏறாது, கடையிலேயே பார்த்து மாற்ற வேண்டும். கரன்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் சில விநாடி இடைவெளி இருக்குமாம், அதற்கு ஒரு யுபிஎஸ். 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்தான், அது விளிம்பு. 1,000 விஏ. அது ஹாஸ்டலிலேயே இருக்கட்டும், ரயிலில் தூக்க முடியாது. முதலில் அதன் பீப் சத்தத்தை அணைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுவிட்டு யுபிஎஸ் கத்தித் தலையணை வாங்கினால் கேவலம்.

பயணத்துக்கு: கேபினெட் வந்த தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிப் போடக்கூடாது. அம்மா பழைய போர்வையில் உறை தைத்துத் தருகிறேன் என்கிறாள். இறக்கியதும் குழாயில் கொஞ்ச நேரம் களக் களக் என்று கேட்கலாம், காற்றுக் குமிழிதான்.

2025 ஜூலை 6, ஞாயிறு

அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஒரு டிபி எஸ்எஸ்டி, 32 ஜிபி ரேம் சேர்த்து பட்ஜெட்டை நாலாயிரம் தாண்டியது. அக்கா போட்டாள், கடன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு. மாதக் கடைசியில் வேளச்சேரியில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கட்டப் போகிறேன்.

கேபினெட் கறுப்பா சில்வரா என்று கடையிலிருந்து மெசேஜ். சில்வர் வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். கறுப்பே அனுப்பச் சொல்லிவிட்டேன்.