சீட்டுக்குத் தக்க வண்டி

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மருத்துவமனைக் கட்டில், ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி ஆகியவற்றைச் செய்தும் பழுதுபார்த்தும் பிழைக்கிற சிறிய பட்டறை என்னுடையது. கைக்குழந்தையின் கார் சீட்டை அப்படியே தூக்கிப் பொருத்திக்கொள்ளும் தள்ளுவண்டி ஒன்றைச் செய்ய முடியுமா என்று என் அக்கா மகள் கேட்டாள். "தூங்குற பிள்ளைய எழுப்பாம கார்லேருந்து வண்டிக்கு மாத்தணும் மாமா, அவ்வளவுதான்" என்றாள். அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லுக்குள் எத்தனை இயந்திரவியல் ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்ட்ரோலர் என்றவுடன் பலர் சக்கரத்திலிருந்தோ மடிப்பிலிருந்தோ தொடங்குகிறார்கள். இந்த வகை வண்டியில் தொடக்கம் சீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஏனெனில் கார் சீட் விபத்தில் உயிரைக் காக்கும் கருவி, உட்காரும் வசதி அதற்குப் பிறகுதான். ஐக்கிய நாடுகளின் ஒழுங்குமுறை 44 பிறந்ததிலிருந்து 13 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கான சீட்டை ஒரு பிரிவாக வகுத்தது. 2013இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை 129 எடைக்குப் பதிலாக உயரத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு, 15 மாதம் வரையாவது குழந்தை காரின் பின்புறம் பார்த்தே உட்கார வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் இதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 072. இவற்றின்படி மோதிப் பார்த்துச் சான்று பெற்ற ஒரு பிளாஸ்டிக் கூட்டில் நான் ஒரு துளை போட்டாலும், ஒரு கிளாம்பை ரிவெட் அடித்தாலும், அந்தச் சான்றுக்கு அதன்பின் பொருளில்லை. மோதலின்போது விசை எங்கெங்கே பரவ வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்த கூட்டில் புதிய துளை ஒன்று, விரிசல் தொடங்குவதற்கான இடமாகிவிடும். ஆகவே வளைந்துகொடுக்க வேண்டியது வண்டிதான். சீட்டில் ஒரு திருகாணிகூட கூடுதலாகச் சேரக் கூடாது, வண்டியிலிருந்து எடுத்த பிறகு அதில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனை நம் ஊர்ப் பழக்கத்துக்கு இன்னும் முக்கியமானது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைப் பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். சட்டம் இருந்தாலும் சொந்தக் கார் இல்லாத குடும்பங்களே இங்கு மிகுதி. ஜிப்மருக்குத் தடுப்பூசிக்குப் போவதும் கடலூருக்கு உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போவதும் வாடகைக் காரில்தான். சீட்டைக் கவ்விக்கொள்வதற்காகக் காரிலேயே பொருத்திவைக்கும் நிரந்தர அடித்தளத்தை வாடகைக் காரில் வைத்துக்கொள்ள வழியில்லை என்பதால், காரின் பெல்ட்டையே சீட்டைச் சுற்றி ஓட்டிப் பொருத்த வேண்டும். அந்தப் பெல்ட் ஓடும் பள்ளங்களை, சீட்டை வண்டியோடு இணைக்கும் அடாப்டர் எதுவும் மறைத்துவிடக் கூடாது. (முன் இருக்கையில், ஏர்பேக் இயங்கும் நிலையில் இருக்கும்போது, பின்புறம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதை வண்டி செய்கிறவனாக இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

எல்லா சீட்டுக்கும் பொருந்தும் ஒரே வண்டி என்ற ஆசை வருவது இயல்பு. பெல்ட் இல்லாமல் சீட்டைக் காரோடு கவ்வவைக்கும் ஐசோஃபிக்ஸ் என்ற முறை அதற்கு ஒரு வழிகாட்டுவதுபோலத் தோன்றும். காரின் பின் இருக்கை மடிப்பில் 6 மி.மீ. விட்டமுள்ள இரண்டு கம்பிகள், மையத்துக்கு மையம் 280 மி.மீ. இடைவெளியில் இருக்கும், உலகெங்கும் இதே அளவு. வண்டியிலும் அதே இடைவெளியில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துவிட்டால் எந்த சீட்டும் வந்து கவ்விக்கொள்ளுமே என்று தோன்றும். ஆனால் கைப்பிடியைப் பிடித்துக் குழந்தையோடு தூக்கிச் செல்லும் தூக்கு சீட்டில், அந்தக் கம்பிகளைக் கவ்வும் ஐசோஃபிக்ஸ் கைகள் இல்லை. காரிலேயே தங்கிவிடும் அடித்தளத்தில் இருக்கின்றன. அந்தக் கைகளைச் சீட்டோடு கொண்டுள்ளவை பெரும்பாலும் பிறப்பு முதல் நான்கு வயது வரை பயன்படும் கனமான சீட்டுகள். அவற்றைக் குழந்தையோடு சேர்த்துத் தூக்கி வண்டியில் வைக்கச் சொல்வது தாயின் முதுகுக்குச் செய்யும் கொடுமை. எனவே தூக்கு சீட்டுக்கு மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன். அகலம் மாறும் என்பதால் இரு பக்கத் தாங்கிகளும் உள்ளும் வெளியும் நகர்ந்து, துளையில் ஊசி செருகி நிற்கும்படி அமைத்தேன். கைப்பிடி சுழலும் இடத்துக்குக் கீழே பெரும்பாலான சீட்டுகளில் இருக்கும் பள்ளத்தைத்தான் தாங்கி பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது சாய்வுக் கோணம். நான் அதிகம் மினக்கெட்டது இதில்தான். பச்சிளங்குழந்தைக்குக் கழுத்துத் தசை தலையைத் தாங்காது. சீட் மிகவும் நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் விழுந்து, தாடை மார்பைத் தொட்டு, மூச்சுக்குழல் மடங்கும். அதை நிமிர்த்தக் குழந்தைக்குத் திறன் கிடையாது, அழக்கூட முடியாமல் போகலாம். எனவே பிறந்த குழந்தையின் முதுகு 45 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இப்போது காரைக் கவனியுங்கள். காரின் இருக்கை மெத்தை முதுகுப்புறம் நோக்கித் தாழ்ந்து சரிந்திருக்கும். பின்புறம் பார்க்கும் குழந்தையின் கால் அந்தத் தாழ்ந்த பக்கத்திலும் தலை உயர்ந்த பக்கத்திலும் இருப்பதால், மெத்தையின் சரிவு குழந்தையை நிமிர்த்திவிடுகிறது. அதை ஈடுசெய்யத்தான் அடித்தளங்களில் உயரத்தை மாற்றும் காலும், கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதைப் போன்ற குமிழும் வைக்கிறார்கள். அதே சீட்டை வண்டியின் சமதளமான சட்டத்தில் வைத்தால் குழந்தை காரில் இருந்ததைவிடக் கூடுதலாகச் சாய்ந்துவிடும். ஆகவே சீட்டின் அடிப்பக்கம் உட்காரும் குறுக்குக் குழாயை மூன்று நிலைகளில் ஏற்றி இறக்கும்படி வைத்து, அதன் பக்கத்தில் ஒரு ரசமட்டக் குமிழைப் பொருத்தினேன். இந்த மாற்றத்தைச் செய்ய ஸ்பேனர் வேண்டும், சீட்டும் வண்டியில் இருக்கக் கூடாது. கைப்பிடியைத் திருகினால் குழந்தை இருக்கும்போதே சாய்வு மாறும் வசதி விற்பனைக்கு நன்றாக இருக்கும். தூங்கும் கைக்குழந்தைக்கு அந்த வசதி தேவையில்லை என்பது என் கருத்து.

கோணம் சரியாக இருந்தாலும் கார் சீட் தொட்டிலாகிவிடாது. பயணம் முடிந்ததும் குழந்தையைச் சமதளமான படுக்கைக்கு மாற்ற வேண்டும் என்றுதான் குழந்தைகள் நல மருத்துவர்கள் சொல்கிறார்கள். "எழுப்பாம மாத்தணும்" என்று கேட்டவளிடம், வண்டி தெருவைக் கடக்கத்தான், மதியத் தூக்கத்துக்கு ஏணையைக் கட்டு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

பூட்டைப் பொறுத்தவரை, ஒரு பக்கம் மட்டும் விழுந்து மறுபக்கம் விழாமல் நிற்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. காதுக்கு ஒரு 'டிக்' கேட்டுவிடும். சீட்டும் ஆடாமல் நிற்பதுபோல இருக்கும். நடைபாதைக் கல்லில் முன்சக்கரம் இடிக்கும்போது விழாத பக்கம் எழும்பிவிடும். இரு பக்கப் பூட்டு நாக்குகளையும் தனித்தனி ஸ்பிரிங்குகள் எப்போதும் பூட்டும் திசையிலேயே தள்ளுகின்றன. திறப்பதற்கு மட்டும் சைக்கிள் பிரேக் ஒயர் வழியாக ஒரே பிடியில் இணைகின்றன. ஒயர் அறுந்தால் திறக்க முடியாமல் போகுமே தவிரத் தானாகத் திறக்காது. நாக்கின் மேல்முனை சரிவாகவும் அடிமுனை கொக்கிபோல உள்வளைந்தும் இருப்பதால், சீட் மேலே எழும்ப முயன்றால் பிடிப்பு கூடுகிறது. பூட்டியதைக் காட்டும் பச்சை, சிவப்பு அடையாளத்துக்கு நடுவில் ஒரே சாளரம் வைத்தால் அழகாக இருக்கும். நான் பக்கத்துக்கொன்றாக இரண்டு வைத்தேன். இரண்டையும் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. வண்டியை மடிக்கும் நெம்புகோலையும் இதே தாங்கியோடு பிணைத்திருக்கிறேன்: சீட் உள்ளே இருக்கும்வரை அந்த நெம்புகோல் நகராது.

இனி கவிழ்தல். சீட்டும் குழந்தையும் தலா 4 கிலோ, சட்டம் 8 கிலோ, ஆக 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கைப்பிடி பின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால், 1 மீட்டர் உயரத்தில். சமதளத்தில் கைப்பிடியில் 19 கிலோ தொங்கவிட்டால்தான் வண்டி பின்னால் சாயும். கவலையில்லை என்று தோன்றும். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 1888 நிலைத்தன்மையைச் சோதிக்கும் 12 டிகிரி சரிவில், முன்பக்கம் மேல்நோக்கி நின்றால், அந்த 19 கிலோ 6 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. புதுச்சேரித் தமிழர் பகுதி வீடுகளில் திண்ணைப் படிகளுக்கு நடுவே இருசக்கர வாகனம் ஏற்றுவதற்காகப் பூசியிருக்கும் சரிவை எண்ணிப் பாருங்கள். 3 அடி நீளத்தில் 1 அடி ஏறினால் அது 18 டிகிரிக்கு மேல். அங்கே 3 கிலோகூடத் தேவையில்லை. காய்கறிப் பை ஒன்றை மாட்டிவிட்டுக் கதவைத் திறக்கக் கையை எடுத்தால் போதும். இதைத் தவிரச் சமதளத்திலேயே, சீட்டைத் தூக்கிய மறுகணம் முன்பக்க எடை பாதியாகக் குறைய, கனமான பை வண்டியை இழுத்துத் தள்ளிவிடும். கைப்பிடியில் கொக்கி வைத்துத் தரும்படி அக்கா மகள் கேட்டாள், தரவில்லை. கூடையை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரைக்கு அருகில் வைத்தேன். சரிவில் இறங்கும்போது வண்டியைத் திருப்பி, தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் நின்று பின்சக்கரம் முதலில் இறங்கும்படி கொண்டுவர வேண்டும். தள்ளுகிறவரைப் பார்த்தபடி இருக்கும் குழந்தையின் தலை வண்டியின் முன்பக்கம் இருப்பதால், இல்லாவிட்டால் அது தாழ்ந்துவிடும்.

சக்கரத்தில் கணக்கு எளிது. 25 மி.மீ. உயரமுள்ள விளிம்பில் முட்டி நிற்கும் 5 அங்குலச் சக்கரத்தை நேராகத் தள்ளி ஏற்ற, அந்தச் சக்கரத்தின் மேலுள்ள எடையைப் போல 1.31 மடங்கு விசை வேண்டும். 12 அங்குலச் சக்கரத்துக்கு 0.66 மடங்கு போதும். சரிபாதி. வாகனங்களுக்குத் தடை இருக்கும் மாலை நேரத்துக் கடற்கரைச் சாலையில் எந்தச் சக்கரமும் ஓடும். நேரு வீதியின் நடைபாதைக்கும் வாய்க்கால் மூடிகளுக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தில் சிறுசக்கரம் மாட்டிக்கொள்ளும். பின்னால் 12, முன்னால் 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். முன்சக்கரம் சுழலும் வகை; வேகமாகத் தள்ளினால் நடுங்கும் என்பதால் நேராகப் பூட்டிக்கொள்ள ஓர் ஊசி உண்டு.

உப்புக் காற்றை மறந்து இந்தக் கரையில் எதையும் செய்ய முடியாது. அலுமினியக் குழாயில் ஸ்டெயின்லெஸ் ரிவெட்டை நேரடியாக அடித்தால், உப்பு ஈரம் படும்போது இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் நைலான் வாஷர் வேண்டும். பூட்டு ஸ்பிரிங்குகளுக்கு 304 ரகத்தைவிட மாலிப்டினம் கலந்த 316 ரகமே நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகினால் மேலே சொன்ன பூட்டுக் கணக்கெல்லாம் வீண். வெயிலைப் பற்றி ஒரு வரி: மேற்கூரையின் பக்கங்களில் வலைத்துணி வைத்திருக்கிறேன், அதன் மேல் துண்டைப் போர்த்திக் காற்றை அடைத்துவிட்டால் உள்ளே சூடு ஏறும்.

மடிப்பில் புதுமை எதையும் தேடவில்லை. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியில் பணியாற்றிய ஓவன் மேக்லாரன் என்ற பொறியாளர், தன் பேரக்குழந்தைக்காக 1965இல் வடிவமைத்த குடைபோல மடியும் அலுமினிய வண்டி மூன்று கிலோவுக்கும் குறைவு. அதன் எளிமையை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. ஆனால் கார் சீட்டின் எடையை அத்தனை மெல்லிய குழாயில் ஏற்ற முடியாது. கீல்களில் குழந்தையின் விரல் நசுங்கும் ஆபத்தும் உண்டு. 2009இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெற்றுக் கீலுக்கு மூடி கொடுக்க வேண்டி வந்தது. என் வண்டியில் கீல் இரண்டே இடத்தில், இரண்டும் ரப்பர் உறைக்குள்.

இப்போது சட்டம் மணல் மூட்டையைச் சுமந்து பட்டறை வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூட்டையின் எடை 13 கிலோ. அந்தச் சீட்டில் உட்காரக்கூடிய குழந்தையின் உச்ச எடை அதுதான். பின்சக்கரப் பிரேக் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை: ஒரே மிதியில் இரண்டு சக்கரமும் பூட்டுகின்றன, ஆனால் பல்லும் பல்லும் சரியாக எதிரெதிர் வராதபோது சக்கரம் சிறிது உருண்ட பிறகே பிடிக்கிறது. பல்லின் எண்ணிக்கையைக் கூட்டி லேத்துக்காரரிடம் புதிய வளையம் வெட்டக் கொடுத்திருக்கிறேன். அது வந்து, திண்ணைச் சரிவில் மணல் மூட்டையோடு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் சீட்டை எடுத்து வரச் சொல்வேன்.