ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

ஊட்டி மலை ரயிலைச் சின்ன மாடலாகப் பலகை பலகையாகச் செய்கிறது எங்கள் குழு. அதில் என் பங்குக்கு வந்தது ஐந்தாம் பலகை. ஹில்குரோவைத் தாண்டி ரன்னிமேடு பக்கம் ஏறுகிற பாதை. ஒரு சின்னப் பாலம், ஒரு குகை வாய், கீழே ஓடை. இரண்டு மழைக்காலம் இதிலேயே போயிருக்கிறது. போன ஞாயிறுதான் முதல் தடவையாக எங்கள் குட்டி எக்ஸ் கிளாஸ் எஞ்சின் மூன்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஐந்தாம் பலகையிலிருந்து ஆறாம் பலகைக்குத் துள்ளாமல் ஏறியது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

குழுவைப் பற்றி முதலில் கொஞ்சம். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரி என்று பல ஊரிலிருந்து 11 பேர். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு குன்னூரில் ஒரு பழைய தேயிலைக் கிடங்கில் கூடுவோம். கிடங்குக்காரர் வாடகை வாங்குவதில்லை. வர்க்கியும் டீயும் முறை வைத்து ஒவ்வொருவர் கொண்டுவருவார்கள். ஆளுக்கொரு பலகையை வீட்டில் செய்துகொண்டு வந்து, கிடங்கில் வரிசையாகப் பூட்டி ரயில் ஓட்டுவோம். மாலையில் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஒரு பலகை 120 செ.மீ. நீளம். மொத்தம் 9 பலகை.

அளவு 1:87. நம் மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1,000 மி.மீ. அகலம். சுருக்கினால் 11.5 மி.மீ. வரும், கடையில் கிடைப்பது 12 மி.மீ. தண்டவாளம், அதுவே போதும். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கி.மீ. பாதையை இந்தக் கணக்கில் அப்படியே செய்தால் அரை கிலோமீட்டருக்கு மேல் போகும். உயரம் இன்னும் சிரமம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். சுருக்கினாலும் 21 மீட்டர் உயரத்துக்குக் கட்ட வேண்டும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏற்றத்துக்காகத் தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய சட்டம் இருக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதிலும் நாங்கள் செய்திருப்பது நிஜத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான்.

ஆனால் ஏற்றத்தில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. நிஜப் பாதையில் 12 அடி போனால் 1 அடி ஏறும். எங்கள் பலகையிலும் 120 செ.மீ.க்கு 10 செ.மீ. ஏற வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர் மூன்றும் சமதளம், மற்ற ஆறு பலகையும் சாய்வு. கல்லாறு 75 செ.மீ. உயரத்தில் தொடங்கி குன்னூர் 135 செ.மீ.க்குப் போய்விடும். குழந்தைகள் வந்தால் குன்னூர் பக்கம் பெஞ்சு போட்டுத்தான் ஏற்றி விடுகிறோம்.

இந்த ஏற்றத்தில் சக்கரம் மட்டும் வைத்து ஏற முடியாது. முயற்சி செய்து பார்த்தோம். எஞ்சின் தனியாக ஏறியது. ஒரு பெட்டி சேர்த்ததும் சக்கரம் அங்கேயே சுற்றியது. 1899-இல் குன்னூர் வரை பாதை திறந்தபோதே பல் வைத்ததற்குக் காரணம் கையால் தொட்டு உணர்ந்தது அன்றைக்குத்தான்.

தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஓடும் அந்தப் பற்சட்டத்தை (ரேக் என்பார்கள்) 1 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டினோம். கோவையில் வயர் கட் வேலை செய்கிற ஒரு பட்டறைக்கு நானும் கேத்தி அண்ணனும் போனோம். 30 செ.மீ. நீளத்தில் 36 துண்டு. பட்டறைக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னப் பல்லு எந்த மெஷினுக்குங்க?" என்றார். ஊட்டி ரயிலுக்கு என்றதும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டார். அவர் அப்பாவோடு சின்ன வயதில் போன கதையெல்லாம் சொன்னார். பல்லுக்குப் பல் இடைவெளி 1.57 மி.மீ. நிஜத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டம் இருக்கும், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதில் பள்ளம் வரும். அதனால் எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். அதை ஆப்ட் முறை என்பார்கள். எங்களுக்கு அந்த அளவில் இரண்டு சட்டம் வெட்டுவது கட்டுப்படியாகவில்லை, ஒன்றுதான்.

எஞ்சினுக்குள் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும் என்20 என்கிற குட்டி கியர் மோட்டார். அது 14 பல் உள்ள ஒரு சின்னப் பல்சக்கரத்தை மட்டும் சுற்றும். தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் சும்மா உருளும். ஏன் இப்படி என்றால், ஒரே மோட்டாரை இரண்டுக்கும் கொடுத்தபோது சக்கரத்தின் வேகமும் பல்லின் வேகமும் ஒத்துப்போகாமல் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டன. நிஜ எக்ஸ் கிளாஸில் சக்கரங்களுக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பல்சக்கரத்துக்கு வேறொரு ஜோடி. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் எதற்காக இத்தனை சிக்கல் பட்டார்கள் என்று எனக்கு இதுவரை புரியாமல் இருந்தது.

சக்கரத்துக்கு விசை இல்லாததால் சமதளப் பலகையிலும் பல் போட வேண்டியதாயிற்று. இது எங்கள் பிரேக்ஸ்மேன் தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. பணியில் இருந்த காலம் முழுக்க மலை ரயிலில் பெட்டிக்கு முன்னால் நின்று பிரேக் பிடித்தவர் அவர். "கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டித்தாம்பா பல்லு ஆரம்பிக்கும். ஸ்டேஷனுக்குள்ள பல்லு வச்சா யாரு ஒத்துக்குவா?" என்றார். அவர் கேட்டது நியாயம். கல்லாறு பலகையில் பற்சட்டத்துக்கு மட்டும் ஜல்லியின் நிறத்திலேயே சாம்பல் பூச்சு அடித்துக் கொடுத்தோம். தள்ளி நின்று பார்த்தார். "ம்… சரி" என்றார்.

இனி ஐந்தும் ஆறும்.

ஆறாம் பலகை கேத்தி அண்ணனுடையது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டிலும் எஞ்சின் அழகாகப் போகும். பூட்டினால், சேருமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் துள்ளும், முன்னால் இருக்கும் பெட்டி தடம் புரளும். நம் ரயிலில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுவதால் சின்னத் துள்ளல்கூடப் பெட்டிகளில் போய் முட்டும். இழுத்துப் போகிற ரயிலாக இருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது.

நான் என் பலகையைச் சந்தேகப்பட்டேன், அவர் அவருடையதை. போன வருடம் ஆடியில் பொருத்தியபோது நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசியில் திரும்பப் பூட்டியபோதுதான் இந்தத் தொல்லை. வடகிழக்கு மழையில் குன்னூரில் சுவரே வேர்க்கும். மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து நிஜ ரயிலே நின்றுபோகும் மாதங்கள் அவை. பிளைவுட் ஈரம் குடித்து ஊதியிருந்தது. சேரும் முனையில் இருக்கும், சில்வர் ஓக்கில் செய்த முகப்புப் பலகை லேசாக வளைந்திருந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தேன். இடைவெளி 0.8 மி.மீ. பல்லுக்குப் பல் 1.57 என்றால் இது சரி பாதி. பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் பல் நிற்கிறது. பல்சக்கரம் அதன் மேல் ஏறித்தான் குதிக்கிறது.

முதலில் ஊசி அரம் எடுத்து என் பக்கத்துக் கடைசிப் பல்லை ராவினேன். மோசமானது. இரண்டு பல் போயிற்று. பிறகு இடைவெளியில் பித்தளைத் தகடு செருகிப் பார்த்தேன். அன்றைக்கு ஓடியது. அடுத்த மாதம் வெயில் அடித்துப் பலகை காய்ந்ததும் அந்தத் தகடே இடித்தது. மூன்று மாதம் இப்படியே. கேத்தி அண்ணன் கோபப்படவே இல்லை, ஒவ்வொரு தடவையும் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

வழி சொன்னவர் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கெல்லாம் மாமா. மாசி மாதக் கூட்டத்தில் நான் ராவிக்கொண்டிருந்ததைப் பார்த்து அரத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

"பெரிய மெஷின்ல ரேக்கை ஒரே துண்டாவா போடுறாங்க? துண்டு துண்டாத்தான் போடுவாங்க தம்பி. சேர்ற எடத்துல இன்னொரு துண்டைக் கவுத்து வச்சுப் பாரு. ரெண்டு பக்கமும் பல்லு முழுசா உக்காந்தா எடைவெளி சரி. உக்காரலைன்னா உக்கார்ற வரைக்கும் நகத்து, அப்புறம் முறுக்கு."

அவ்வளவுதான். ஒரு மிச்சத் துண்டில் 6 செ.மீ. வெட்டினேன். ஆறாம் பலகையின் முதல் 6 செ.மீ. பற்சட்டத்தைப் பெயர்த்து, திருகுத் துளைகளை முட்டை வடிவத்தில் நீட்டி, முன்பின் நகரும்படி ஆக்கினோம். இரண்டு பலகையையும் பூட்டிய பிறகு, மாமா சொன்ன துண்டைச் சேருமிடத்தின் மேல் கவிழ்த்து வைத்து விரலால் அழுத்தினேன். என் பக்கம் உட்கார்ந்தது, அவர் பக்கம் உட்காரவில்லை. கேத்தி அண்ணன் நகம் கொண்டு அந்த 6 செ.மீ. சட்டத்தைத் தள்ளினார். மயிரிழை, இன்னும் மயிரிழை. திடீரென்று விரலுக்கடியில் அந்தத் துண்டு 'இச்' என்று கீழே இறங்கியது. அந்த உணர்வை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பூட்டுக்குள் சாவி சரியாக விழுவது போல. அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு திருகையும் முறுக்கினோம். கவிழ்த்ததை எடுத்துவிட்டு எஞ்சினை விட்டோம்.

ஏறியது. சத்தமே இல்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. 20 தடவை விட்டோம்.

இதில் இடைவெளியின் அகலம் மாறினாலும் கவலையில்லை. சேருமிடத்தில் இடைவெளி ஒன்றரை மி.மீ. வந்தாலும் சட்டத்தை அடுத்த பல்லுக்கு நகர்த்திக்கொள்ளலாம். நடுவில் ஒரு பல் குறைந்தாலும் பல்சக்கரம் தாண்டிவிடுகிறது. இப்போது மழையோ வெயிலோ, பூட்டும்போது இரண்டு நிமிட வேலை.

பெட்டி புரள்வதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, எடை. பிளாஸ்டிக் பெட்டி காற்றாகக் கிடந்தது. டயர் கடையில் வீலுக்கு ஒட்டுகிற 5 கிராம் எடைகளை அடியில் ஒட்டி, எல்லாப் பெட்டியும் 60 கிராம் இருக்க வேண்டும் என்று குழுவில் வைத்துக்கொண்டோம்.

அலங்கார வேலை முழுக்க டீச்சர் அக்கா பொறுப்பு. தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார். மண்ணுக்குக் குடித்த டீத்தூள். மழைக்காலத்தில் அதில் பூஞ்சை பிடித்து என் பலகையின் ஒரு சரிவே வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. இப்போது டீத்தூளை வாணலியில் நன்றாக வறுத்துவிட்டுத்தான் ஒட்டுகிறார், இதுவரை பிடிக்கவில்லை.

அக்காவின் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒரு ஞாயிறு அவரையும் அழைத்து வந்திருந்தார். என் சரிவைப் பார்த்தார். பச்சை நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்ன சரிவு அது. அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு, செடிக்கு நடுவுல காலு வைக்க எடமே இல்லையே. பறிக்கிறவ எப்படிப் போவா?" என்றார். மேல்பக்கமும் பந்து மாதிரி உருண்டையாக இருந்தது. பறித்துப் பறித்து தட்டையாக அல்லவா இருக்கும். அன்றைக்கே முழுவதையும் பெயர்த்தேன். இப்போது வரிசைக்கு நடுவே 7 மி.மீ. தடம் விட்டு, செடிகளின் தலையைக் கத்திரியால் சமமாக வெட்டியிருக்கிறேன். அடுத்த தடவை வந்தவர் அந்தத் தடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை நடத்திப் பார்த்தார்.

பிரேக்ஸ்மேன் தாத்தாவும் ஒன்று கேட்டார், அதையும் செய்துவிட்டோம். பெட்டிக்கு ஒருவராக மூன்று பிரேக்ஸ்மேன், 2 செ.மீ. உயரத்தில். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு வழி தெரியாது. முதல் பெட்டியில் கொடியோடு நிற்பவர்தான் அவருக்குக் கண். அந்த முதல் ஆளின் கையில் பச்சைக் கொடியை ஒட்டியது தாத்தாதான். கண்ணாடியைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால்.

நிஜத்தில் பல் பகுதியில் மணிக்கு 13 கி.மீ. வேகம். எங்கள் மோட்டாரின் வேகத்தில் ஒரு பலகையைக் கடக்க அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஐந்து நிமிடம். போன ஞாயிறு ஓட்டியபோது மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரு சிக்கலும் வரவில்லை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே மறுபடி 'டக்'.

கவிழ்த்து வைக்கும் துண்டு என் டப்பாவில்தான் இருக்கிறது. அதே அளவில் இன்னும் மூன்று வெட்டி வைத்திருக்கிறேன். ஏழாம் பலகைத் தம்பி அடுத்த கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வர்க்கி என் முறை.