கறுப்பின் மேல் ஒரு வெள்ளை முகம்

லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிரேக்கக் கூடங்களில் எனக்குக் காவல் பணி. கண்ணாடிப் பெட்டிகளில் யாரும் சாயாமல் பார்த்துக்கொள்வது, வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வது, மாலையில் அறை காலியாகிவிட்டதா என்று பார்ப்பது. மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான் வேலை. பளிங்குச் சிலைகளைத் தேடிப் போகிற கூட்டம், மட்பாண்ட அறையை நடந்தபடியே கடந்துவிடும். எனக்கோ ஒரே ஜாடியை மணிக்கணக்காகப் பார்க்கக் கிடைக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்படி நான் அதிகம் பார்த்தது எக்ஸேகியாஸ் என்ற பண்டைய கிரேக்கக் கலைஞர் செய்த ஒயின் ஜாடி. ஏதென்ஸில் கி.மு. 540–530 வாக்கில் செய்தது. கிடைத்தது இத்தாலியில், வுல்சி என்ற ஊரின் கல்லறைகளில். அதன்மேல் உள்ள காட்சி: கிரேக்கக் கதைகளில் வரும் ட்ராய் போரில், அமேசான்கள் என்ற போர்வீராங்கனைகளின் அரசி பெந்தசிலியாவைக் கிரேக்க வீரன் அக்கிலீஸ் கொல்கிறான். அவள் முழங்கால் மடிந்து சரிகிறாள். ஈட்டி கழுத்தில் இறங்கிவிட்டது, ரத்தம் பீறிடுகிறது. அவன் முகத்தைத் தலைக்கவசம் மூடியிருக்கிறது, கண் மட்டும் தெரிகிறது. அவளுடைய கவசம் மேலே தள்ளப்பட்டு முகம் முழுக்கத் திறந்திருக்கிறது. இருவர் பார்வையும் சந்திக்கின்றன. அந்தக் கணத்தில்தான் அவள்மேல் அவனுக்குக் காதல் வந்தது என்கிறது கதை.

பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன் இவள் மட்டும் வெள்ளை?" நல்ல கேள்வி. அன்றைய வழக்கப்படி ஆணுக்குக் கறுப்பு உடல், பெண்ணுக்கு வெள்ளைத் தோல். ஓவியர்கள் பொதுவாகப் பின்பற்றிய விதிதான் அது. ஆனால் இங்கே அந்த வெளுப்பு, உயிர் பிரிகிற முகத்தின் வெளுப்பாகவும் ஆகிவிடுகிறது. வேறு ஜாடிகளில் வெறும் அடையாளமாக இருக்கும் நிறத்தை வைத்தே எக்ஸேகியாஸ் துக்கத்தைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கேள்வி, "என்ன பெயின்ட்?" கறுப்பு பெயின்டே இல்லை, இரும்புச்சத்துள்ள நைசான களிமண் குழம்பு. பூசும்போது அதற்கும் ஜாடியின் மண்ணுக்கும் நிற வித்தியாசம் கொஞ்சம்தான். சூளையில் முதலில் காற்றை விட்டுச் சுட்டால் எல்லாம் சிவக்கும். அப்புறம் காற்றை அடைத்துப் புகையவிட்டு, 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூட்டை ஏற்றினால் எல்லாமே கறுக்கும். குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகிவிடும். கடைசியாக மறுபடி காற்றை விடும்போது ஜாடியின் உடல் திரும்பச் சிவக்கும், இறுகிய இடத்துக்குள் காற்று நுழையாததால் அங்கே கறுப்பு தங்கிவிடும். பெந்தசிலியாவின் முகம் அந்தக் கறுப்பின்மேல் பூசிய வெள்ளைக் களிமண். மற்ற பல ஜாடிகளில் இந்த வெள்ளை உதிர்ந்து, பெண்களின் முகங்களே மங்கிப்போயிருக்கின்றன. இது தப்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்கு ஒரு நிம்மதி.

கதையில் எந்தக் கணத்தில் நிறுத்துவது என்று எக்ஸேகியாஸுக்குத் தெரியும். வடக்கு பிரான்ஸில், புலோன் ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய இன்னொரு ஜாடி இருக்கிறது. அதில் ட்ராய் போரின் இன்னொரு கிரேக்க வீரன் அஜாக்ஸ் தற்கொலைக்கு ஆயத்தமாகிறான்: வாளை மண்ணில் நட்டு, அது சாயாமல் இருக்கச் சுற்றிலும் மண்ணைக் குவித்துக் கையால் அழுத்துகிறான். வாள்மேல் விழுந்து கிடக்கிற உடலை வரைந்தவர்கள் உண்டு. அந்தக் கைகளின் பொறுமைக்கு முன்னால் அவையெல்லாம் எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிகின்றன.

எங்கள் கூடத்திலேயே இன்னொரு ஜாடியும் நான் எல்லோருக்கும் காட்டுவது. அரை நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியது, அதுவும் வுல்சியிலிருந்து வந்ததுதான். இதில் பின்னணி கறுப்பு, உருவங்கள் சிவப்பு. பாய்மரத்தில் கட்டப்பட்ட கிரேக்க வீரன் ஒடிஸியஸ் தலையை அண்ணாந்திருக்கிறான். கப்பலின் முகப்பில் ஒரு பெரிய கண். பாறைகள்மேல் சைரன்கள், பாட்டால் மாலுமிகளை மயக்கும் பெண் தலையுள்ள பறவைகள். ஒன்று மட்டும் தலைகீழாக விழுகிறது. பறந்து பாய்கிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதன் கண்ணைப் பாருங்கள் என்பேன்: ஒரே கோடு, மூடியிருக்கிறது. பாட்டுக்கு மயங்காமல் ஒரு கப்பல் தாண்டிப்போனால் சைரன்கள் செத்துவிடும் என்று ஒரு கதை உண்டு. ஒடிஸியஸின் கதையைச் சொல்லும் ஹோமரின் ஒடிஸி காவியத்தில் அது இல்லை. அதனால் ஒடிஸி படித்துவிட்டு வருகிறவர்கள்தான் இதன் முன் நின்று அதிகம் வாதாடுவார்கள், அவர்களோடு பேசுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.