ட்ரிம் கைப்பிடி

எட்டு மாதம் இறக்கை ஒரு மூலையிலும் உடம்பு ஒரு மூலையிலுமாகக் கிடந்த விமானம். 1946-இல் செய்த பைப்பர் ஜே-3 கப். பழைய துணியை உரித்துவிட்டுப் புதுப் பாலியஸ்டர் துணி போர்த்தி, இஸ்திரிச் சூட்டில் இழுத்து இறுக்கி, பூச்சு அடித்திருந்தார்கள். 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சினில் நான்கு சிலிண்டரும் புதிது. “முடிஞ்சுது தம்பி, எடுத்துப் பாருங்க” என்று மெக்கானிக் அண்ணன் சொன்ன அன்று எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

பெரிய வேலை முடிந்து வரும் விமானங்களை முதலில் ஓட்டிப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. எல்லாம் புதுசு, இனி என்ன கவலை என்று கேட்பார்கள். எனக்கு நேர்மாறு. நேற்று பறந்து இறங்கிய கிழட்டு விமானம், எல்லாம் பூட்டியபடி இருக்கிறது என்று நேற்றே காட்டிவிட்டது. பிரித்துச் சேர்த்த விமானம் இன்னும் எதையும் காட்டவில்லை. அதனால் எதை மாற்றினீர்கள் என்று கேட்கமாட்டேன், எதையெல்லாம் கழற்றினீர்கள் என்றுதான் கேட்பேன்.

அதில் முதல் பயம் எய்லெரான் கேபிள். இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் மடல்தான் எய்லெரான். மாற்றிப் பூட்டிவிட்டால் இடப்பக்கம் சாய்க்க நினைக்கும்போது விமானம் வலப்பக்கம் சாயும். கிளம்பிய பிறகு அது தெரிந்தால், கை புது வழக்கத்துக்கு வருவதற்குள் தரை வந்துவிடும். ‘அசைகிறதா’ என்று பார்த்தால் போதாது, சரியான திசையில் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். விமானத்தை ஓட்டும் கம்பான ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே நிற்கும்படி பிடித்துச் சாய்த்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க எய்லெரான் மேலே எழ வேண்டும். மூன்று தடவை பார்த்தேன். வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடம் வலம் திருப்பும் ரட்டர் எல்லாம் சரி. 1935 அக்டோபர் 30 அன்று போயிங் மாடல் 299 குண்டுவீச்சு விமானம், நிற்கும்போது காற்றில் வால் மடல்கள் ஆடாமல் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பூட்டை எடுக்காமலே கிளம்பி விழுந்தது. ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. விமானிகள் கையில் சரிபார்ப்புப் பட்டியல் ஏறியது அந்த விபத்துக்குப் பிறகுதான். என்னிடமும் ஒரு பட்டியல் இருந்தது.

இந்த விமானத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிற்றால் கட்டி, அண்ணன் புரொப்பெல்லரைக் கையால் இழுத்துவிட்டார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. ஆயில் பிரஷர் முள் எழுந்ததைப் பார்த்ததும்தான் மூச்சு விட்டேன்.

புது சிலிண்டர் விஷயத்தில் மனசு ஒன்று சொல்லும், எஞ்சின் வேறு கேட்கும். குழந்தையைப் போல மெதுவாக ஓட்டத்தான் தோன்றும். ஆனால் சிலிண்டர் சுவரில் வேண்டுமென்றே போட்டிருக்கும் நுண்ணிய கீறல்களில் பிஸ்டன் ரிங் உரசி உட்கார, உள்ளே அழுத்தம் வேண்டும். தாஜா பண்ணி ஓட்டினால் சுவரில் ஆயில் கருகிப் பளபளப்பாகப் படிந்துவிடும். அப்புறம் ரிங் உட்காரவே உட்காராது, காலமெல்லாம் ஆயில் குடிக்கும். தரையில் நிறுத்தி உறுமவிடவும் கூடாது, காற்று போதாமல் சூடேறும். ஆகவே சட்டென்று கிளம்பி, ஓடுதளத்துக்கு மேலேயே வட்டமடித்து, ஒரு மணி நேரம் விரட்ட வேண்டும். எஞ்சின் நின்றாலும் இறங்க இடம் கீழேயே இருக்கும்.

கிளம்பினேன். தனியாக ஓட்டும்போது பின்சீட்டில்தான் உட்கார வேண்டும், முன்னால் மூக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. சக்கரம் தரையை விட்டது. ஏறும்போது ஸ்டிக் என் உள்ளங்கையைப் பின்னால் தள்ளியது. முழு விசையில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று இடப்பக்கச் சுவரில் இருக்கும் ட்ரிம் கைப்பிடியை மூக்கு கீழே போகும் பக்கம் சுற்றினேன். அது கேபிள் வழியாகக் கிடைவாலின், அதாவது வாலில் படுக்கையாக இருக்கும் இறக்கையின், கோணத்தை மாற்றி ஸ்டிக்கின் தள்ளலைத் தணிக்கும். தள்ளல் கூடியது. இன்னும் இரண்டு சுற்று. இப்போது முழங்கை விலாவில் இடிக்கும் அளவுக்குத் தள்ளியது. எலிவேட்டரில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நெஞ்சு படபடத்தது. நல்லவேளை, சுற்றியதைத் திருப்பிச் சுற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. நாலு சுற்றில் ஸ்டிக் வெண்ணெயாகிவிட்டது.

தரையில் நான் அந்தக் கைப்பிடியைச் சுற்றாமல் இல்லை. சுற்றினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது, திருப்தியாகிவிட்டேன். வாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அசைகிறதா என்று மட்டும் பார்த்தது நானேதான்.

மிச்ச நேரத்தைக் கைப்பிடியைத் தொடாமல் ஓட்டினேன். டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட மூக்கில் நீட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் கம்பி மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்தது. எஞ்சின் ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

இறங்கியதும் சொன்னேன்: “அண்ணே, ட்ரிம் தலைகீழா இருக்கு.” அவர் நம்பவில்லை. தானே குனிந்து கைப்பிடியைச் சுற்றிவிட்டு வாலுக்கு நடந்துபோய்ப் பார்த்தார். மூக்கு கீழே என்று சுற்றியிருக்க, கிடைவாலின் முன் விளிம்பு ஏறாமல் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. “துணி போர்த்த வாலைக் கழற்றினோம்ல, அப்ப ட்ரிம் கேபிளைக் கழற்றி மாட்டினது நான்தான். உங்ககிட்ட சொல்லணும்னே தோணல.”

எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பட்டியலில் பேனாவால் ஒரு வரி சேர்த்தேன். அவர் கேபிளை மாற்றிச் சுற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்க, நான் வாலருகே குத்தவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் “ஏறுது… ஏறுது… இப்ப இறங்குது” என்று கத்திக்கொண்டிருந்தேன்.