ரோபோ நின்றால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்

என் முதல் ரோபோ ஒரு சின்ன வண்டி. இரண்டு பக்கமும் மஞ்சள் கியர் மோட்டார், முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் ஒரு குட்டிச் சக்கரம், மேலே ஆர்டுயினோ ஊனோ போர்டு, அதாவது நாம் எழுதும் நிரலை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை. கணினியோடு யூஎஸ்பி வயரில் இணைத்திருக்கும் வரை ஒழுங்காக ஓடும். வயரைக் கழற்றித் தரையில் விட்டால் ஒரு விரற்கடை நகர்ந்து நிற்கும். மறுபடி ஒரு விரற்கடை நகரும், மறுபடி நிற்கும். இரண்டு வாரம் நிரலை மாற்றி மாற்றி எழுதினேன். நிரலில் தவறே இல்லை. கோளாறு சதுரமான அந்த 9 வோல்ட் பேட்டரியில் இருந்தது.

சும்மா இருக்கும்போது அளந்தால் அந்தப் பேட்டரி 9 வோல்ட் காட்டும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 6க்கும் கீழே விழுந்தது. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். இந்த வகைப் பேட்டரியோ கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நாள் கொடுப்பதற்கென்று செய்தது. வோல்டேஜ் சரிந்ததும் போர்டில் உள்ள சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. மோட்டார் நிற்கிறது, பேட்டரி மூச்சு வாங்கி மேலே வருகிறது, நிரல் முதல் வரியிலிருந்து தொடங்குகிறது, மோட்டார் கிளம்புகிறது, வோல்டேஜ் திரும்பவும் விழுகிறது. யூஎஸ்பி இருந்தபோது போர்டுக்குக் கணினியிலிருந்து தனியாக 5 வோல்ட் கிடைத்ததால் இது வெளியே தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நிரலில் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஓடும் செட்அப் பகுதியில், 13ஆம் பின்னில் (பின் என்பது போர்டில் வயர் மாட்டும் எண்ணிட்ட இடம்) இருக்கும் எல்இடியை மூன்று முறை சிமிட்ட வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோ நடுவில் திடீரென்று மூன்று முறை சிமிட்டினால், போர்டு ரீசெட் ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்போது நிரலைத் தொடாதீர்கள். பவரைப் பாருங்கள்.

நான் செய்த மாற்றம் இதுதான். மோட்டாருக்கு நான்கு ஏஏ ரீசார்ஜ் செல்கள், போர்டுக்குத் தனியாக ஒரு பவர் பேங்க். இரண்டின் கிரவுண்டையும், அதாவது மைனஸ் பக்கத்தையும், ஒன்றாக இணைத்தேன். இந்தக் கிரவுண்ட் இணைப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொதுக் கிரவுண்ட் இல்லையென்றால் போர்டு அனுப்பும் சிக்னல் மோட்டார் டிரைவருக்கு (அந்தச் சிக்னலைக் கேட்டு மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்று) புரியாது, வண்டி தோன்றியபடி ஆடும். டிரைவரையும் கவனியுங்கள். எல்லோரும் வாங்கும் எல்298என் பழைய வடிவமைப்பு. அதற்குள்ளேயே ஏறக்குறைய 2 வோல்ட் போய்விடும். நான்கு ரீசார்ஜ் செல்களின் 4.8 வோல்ட்டில் மோட்டாருக்கு மிஞ்சுவது 3 வோல்ட்டுக்கும் குறைவு. டிபி6612 சிப் உள்ள டிரைவரில் இழப்பு மிகக் குறைவு. சின்ன ரோபோவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, தொடக்கத்துக்கு வருகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களால் இதைச் செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். ஆர்டுயினோவே 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் மாணவர்களுக்காக அல்ல, வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகப் பிறந்ததுதான். ஆனால் பின்னில் ஒரு எல்இடியை மாட்டி எரியவைக்கும் முதல் பாடத்தை 'இதுதானே' என்று தாண்டிவிடாதீர்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கையால் போட்டுப் பாருங்கள். பின் தருவது 5 வோல்ட். சிவப்பு எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டரால் வகுத்தால் 13.6 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னில் 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. பல நூறு மில்லி ஆம்பியர் கேட்கும் மோட்டாரை ஏன் நேரடியாகப் பின்னில் மாட்டக்கூடாது என்பதற்கும் இதே கணக்கில் பதில் வந்துவிடும்.

அடுத்து ஒரு பட்டன். ஒரு வயரின் ஒரு முனையை 2ஆம் பின்னில் செருகி, மறுமுனையை அந்தரத்தில் விட்டு, போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் மதிப்பைப் பாருங்கள். 0, 1 என்று தாறுமாறாக வரும். வயர் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மாறும். எங்கும் இணைக்காத பின் எதையும் வாசிக்கும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பின்னை இன்புட் புல்லப் முறையில் (சும்மா இருக்கும்போது 1 என்றே வாசிக்கும்படி) அமைத்து, பட்டனின் ஒரு பக்கத்தைப் பின்னிலும் மறுபக்கத்தைக் கிரவுண்டிலும் கொடுத்தால் போதும். அழுத்தினால் 0, விட்டால் 1 என்று தலைகீழாக வரும், அவ்வளவுதான்.

0, 1 பின்களைக் காலியாக விடுங்கள். அவை யூஎஸ்பி வழித் தகவலுக்கானவை. அங்கே எதையாவது மாட்டினால் நிரல் ஏறாமல் போகலாம். சால்டர் இல்லாமல் வயர்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டுகளில், நீளமான சிலவற்றில் ஓரத்துப் பவர் வரிசை நடுவில் துண்டாக இருக்கும், அதையும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நிரலில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் டிலே. 'ஒரு விநாடி காத்திரு' என்று சொன்னால் போர்டு அந்த ஒரு விநாடி வேறெதையும் பார்க்காது. எதிரே சுவர் வந்தாலும் நேராகப் போய் மோதும். அதற்குப் பதில் மில்லிஸ் பயன்படுத்துங்கள். போர்டு கிளம்பி எத்தனை மில்லி விநாடி ஆனது என்று அது சொல்லும். 'கடைசியாகப் பார்த்து 60 மில்லி விநாடி ஆகிவிட்டதா?' என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டு, ஆகியிருந்தால் மட்டும் தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். இந்தப் பழக்கம் வர எனக்கு நாளானது, ஆனால் வந்த பிறகு எழுதிய நிரல்களின் தரமே வேறு.

இன்னொரு விஷயம் எங்கும் பெரிய எழுத்தில் சொல்லப்படுவதில்லை. ஊனோவில் சர்வோவுக்கான (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, சேர்த்த உடனே 9, 10 பின்களில் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது. சர்வோவை வேறு பின்னில் மாட்டியிருந்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் அந்த இரண்டு பின்களுக்கான டைமரை லைப்ரரி எடுத்துக்கொள்கிறது. மோட்டார் வேகத்துக்கு 5, 6 பின்களை வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோதான் எனக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தது. அகச்சிவப்பு சென்சாரின் அனலாக் மதிப்பு 0 முதல் 1023 வரை வரும். என் சென்சாரில் வெள்ளைத் தாளில் 80 அளவில், கருப்பு டேப்பில் 700க்கு மேல். நடுவில் 400 என்று நிரலில் எழுதிவைத்தேன். இரவில் அருமையாக ஓடியது. காலையில் ஜன்னல் வெயிலில் எல்லா மதிப்பும் மாறி, கோட்டை விட்டுவிட்டது. அப்புறம் எண்ணை எழுதிவைப்பதையே நிறுத்தினேன். ஆன் செய்ததும் முதல் ஐந்து விநாடி ரோபோ இடமும் வலமும் திரும்பிக் கோட்டைக் கடக்கும். அப்போது வந்த மிகக் குறைந்த, மிக அதிக மதிப்புகளைக் குறித்துக்கொண்டு, நடுமதிப்பை அதுவே கணக்கிடும்.

கோடு இடதில் இருந்தால் இடது, வலதில் இருந்தால் வலது என்று மட்டும் எழுதினால் வண்டி பாம்பு மாதிரி நெளியும். கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவுக்குத் திருப்புங்கள். விலகலை ஓர் எண்ணால் பெருக்கினால் திருப்பத்தின் அளவு கிடைக்கும். அந்த எண்ணைச் சிறியதாகத் தொடங்கி, வண்டி நடுங்கத் தொடங்கும் வரை கூட்டிவிட்டு, கொஞ்சம் குறையுங்கள். பிறகு விலகல் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு இரண்டாவது எண்ணைச் சேர்த்தால் நடுக்கம் அடங்கும். ஒரே நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதையும் நடந்ததையும் நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் அந்த இரண்டு எண்களுக்கே ஏழு பக்கம் போனது. வளைவில் நெளியாமல், சத்தம்கூட மாறாமல் அது வழுக்கிக்கொண்டு போனபோது தரையிலேயே உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் வைஃபை வேண்டுமென்று ஈஎஸ்பி32 என்ற போர்டுக்குப் போவீர்கள். அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ பின்னோ 5 வோல்ட் அனுப்பும். நேரடியாக மாட்டினால் போர்டு கெட்டுப்போகலாம். எக்கோவிலிருந்து ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் 3.3 வோல்ட் கிடைக்கும், போர்டின் பின் அங்கேதான் போக வேண்டும். சென்சாரை மாட்டும் முன் 5 வோல்ட்டை அந்த 1 கிலோ ஓம் முனையில் கொடுத்து, நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். 3.3 காட்டினால் வயரை மாட்டலாம். 5 காட்டினால் கீழ் ரெசிஸ்டர் கிரவுண்டைத் தொடவில்லை.