மரத்தை விடு

"இடப்பக்கம் ஒரு மரம் இருக்கிறது. மரத்தின் கீழே ஒரு நாற்காலி இருக்கிறது. நாற்காலியில் ஒருவர்..."

அக்கா மகள் மளிகைப் பட்டியல் வாசிப்பதைப் போல ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனாள். கையில் இரண்டு படங்கள். ஒன்றில் ஒருவர் தனியாகப் படிக்கிறார். மற்றதில் ஒரு கூட்டமே சேர்ந்து படிக்கிறது.

கேம்பிரிட்ஜ் நடத்தும் பி2 ஃபர்ஸ்ட் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதி இது. இரண்டு படங்களையும் ஒப்பிட்டு 1 நிமிடம் பேச வேண்டும். படங்களுக்கு மேலே ஒரு கேள்வியும் அச்சாகியிருக்கும். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை! மரத்தையும் நாற்காலியையும் எண்ணி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது.

"மரத்தை விடு. இவர் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறார்?"

படத்தை உற்றுப் பார்த்தாள்.

"நாளைக்குப் பரீட்சையாக இருக்கும், சித்தி. நண்பர்களோடு இருந்தால் அரட்டைதான். தப்பித்து வந்திருப்பார்."

அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். நடுவில் இலக்கணம் பிசகியது, பேச்சு நிற்கவில்லை. இரண்டாவது படத்துக்குத் தானாகவே தாவினாள். அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருவர்கூடப் படிப்பதாகத் தெரியவில்லையாம்.

ஒரு கேள்விக்கு ஒரே விடை என்று வகுப்பறையில் பழகியவர்களுக்கு ஊகித்துப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். இந்தத் தேர்விலோ அவர் உண்மையில் ஏன் தனியாக இருக்கிறார் என்பது யாருக்கும் தேவையில்லை. காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதே பேச்சு.

அடுத்து, உடன் வரும் தேர்வர் பேசியதும் அவருடைய படங்களைப் பற்றி 30 விநாடிக்குள் பதில் சொல்லும் பயிற்சி. அதற்கு முதலில் அவள் இன்னொருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். அது அக்கா வீட்டில் யாருக்குமே பழக்கமில்லை.