கான் வெட்டமுன் மட்டம் பாருங்கள்

யாழ்ப்பாணத்துத் தரை தட்டை. வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஒரு பரப்பு (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) காணியில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர் தண்ணீர் சேரும். அது எந்தப் பக்கம் போகும், எங்கே நிற்கும் என்பது ஒழுங்கைச் சனத்துக்குத் தெரியும். ஆனால் கான், அதாவது வெள்ளம் வடியும் வாய்க்கால், வெட்டுவது பற்றிய கூட்டத்தில் வாயால் சொன்னால் அதை வரைகிறவருக்கு உதவாது. அளந்து கொடுக்கவேண்டும்.

முதலில் வீடுவீடாகக் கேளுங்கள்: 2008 நிஷா புயல் வெள்ளம் படியில் எவ்வளவு ஏறியது, வடிய எத்தனை நாள் எடுத்தது, இப்போது எந்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது? பகலில் வீட்டில் இருக்கும் பெண்களையும் வாடகைக்கு இருப்பவர்களையும் விடவேண்டாம். பின்னேரக் கூட்டத்துக்கு அவர்கள் பெரும்பாலும் வருவதில்லை, தண்ணீரை வாளியால் இறைப்பவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது மட்டம். மேசன்மார் பாவிக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் 20 மீற்றர் போதும். தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் திறந்தபடி இருவர் தூக்கிப் பிடித்தால் இருபக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து நிலம்வரை இருபுறமும் அளந்தால், கூடிய அளவு வரும் பக்கம்தான் பள்ளம். இப்படியே ஒழுங்கை முழுக்கப் போய், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வாருங்கள். ஏற்ற இறக்கங்களைக் கூட்டிக் கழித்தால் பூச்சியம் வரவேண்டும். 2 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்திருக்கலாம், திரும்ப அளந்து பாருங்கள். 100 மீற்றருக்கு 20 சென்ரிமீற்றர் இறக்கமே கிடைக்காத ஊரில் இந்தப் பிழை கானையே எதிர்ப்பக்கம் ஓடவைக்கும்.

மதகு ஒவ்வொன்றின் அடிமட்டத்தையும் எடுங்கள். மதகுக் குழாய் கானின் அடியைவிட உயரமாகப் புதைக்கப்பட்டிருந்தால் எத்தனை முறை துப்புரவு செய்தாலும் தண்ணீர் பின்னால் நிற்கும். தார்க் காப்பெற் போட்டுப்போட்டு உயர்ந்த வீதி, கானை மறித்துக் கட்டிய மதில், கல்லும் மண்ணும் போட்டு ஒடுக்கிய குளத்து வாய், அளந்த மட்டங்கள், எல்லாவற்றையும் ஒழுங்கையின் படம் ஒன்றை வரைந்து அதில் குறியுங்கள்.

உங்கள் ஒழுங்கையோடு நிறுத்தவேண்டாம். குளமோ கடலோ, தண்ணீர் சேரும் இடம்வரை நடந்து பாருங்கள். இடையில் வீதி யாருடையது என்றும் எழுதுங்கள்: பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது, சில மாகாணத் திணைக்களத்துடையவை, மிச்சம் மாநகரசபை அல்லது பிரதேச சபையுடையவை. சபை கட்டிய நல்ல கான், வேறொருவரின் மதகில் போய் முட்டி நிற்பது இதைப் பாராததால்தான்.

படத்தின் பிரதிகளைச் சபைக்கும் கிராம அலுவலருக்கும் ஆவணி, புரட்டாதிக்குள் கொடுங்கள். அடுத்த ஆண்டுப் பாதீடு மார்கழிக்குள் நிறைவேறிவிடும். மூலப்பிரதி சனசமூக நிலையத்தில் இருக்கட்டும். அடுத்த வெள்ளத்தின் உயரத்தையும் திகதி போட்டு அதிலேயே ஏற்றலாம்.